கூடத்துச் சுவருக்கு அடித்த வெள்ளை

கண்ணு,

இன்லேண்ட் லெட்டரை எடுத்து உட்கார்ந்தால், பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, வேளாவேளைக்குச் சாப்பிடு என்று மூன்று வரியில் முடித்து ஒட்டிவிடுவேன். அதனால் பரணில் கிடந்த உன் ஐ.டி.ஐ. நோட்டை இறக்கி, ஒரு பக்கம் எழுதாத தாள்களாகப் பார்த்துக் கிழித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்தப் பக்கம் நீ போட்ட மோட்டார் படம், இந்தப் பக்கம் உன் அம்மாவின் கோழிக் கிறுக்கல். எட்டாவதோடு நின்றவளுக்கு இவ்வளவு எழுத வருமா என்று சிரிக்காதே. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் வருவேன் என்று எழுதியிருக்கிறாய். அப்போது வீடு நிறைய ஜனம் இருக்கும். உன்னைத் தனியாகப் பிடித்து இரண்டு வார்த்தை பேச முடியாது. பேச வேண்டியதோ அதற்கு முன்னால் பேச வேண்டியது.

நீ மெட்ராஸில் ஏதோ எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்ப்பதாகத்தான் திருமுக்கூடலில் பெண் வீட்டார் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பொய்யை முதலில் அவிழ்த்துவிட்டவள் நான். தரகர் வந்து, "பையன் இன்னா பண்றான்?" என்று கேட்டார். சினிமாவில் லைட் போடுகிறான், கேமராக்காரரே கூப்பிட்டு யோசனை கேட்கிறார், என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? இருந்தது. ஆனால் அந்த வாய், "எலக்ட்ரிக் கம்பெனில கீறான்" என்று சொல்லிவிட்டது. பெண் பார்க்கப் போன அன்றைக்குக் கோமளாவின் அப்பா, "சினிமா சினிமான்னு போனவனெல்லாம் எங்கங்க உருப்பட்டான்?" என்று பொதுவாகப் பேசிவிட்டு, உன் பக்கம் திரும்பி, "நீங்க எலக்ட்ரிக் கம்பெனிங்களா?" என்று கேட்டபோது, நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க" என்றாய். அந்தப் பார்வையை நான் இன்னும் ஜீரணம் பண்ணவில்லை. அதே மாதிரி உங்கப்பா ஒருநாள் என்னைப் பார்த்தார். அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும், அந்தப் பாதியும் பொய்.

நம் வீட்டில் ஷூட்டிங் நடந்ததே, அப்போது நீ செங்கல்பட்டில் ஹாஸ்டலில் இருந்தாய். தை மாதத்தில் ஒரு நாள் ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். உத்திரமேரூர் கடைத்தெருவில் யாரோ நம் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். கேமராக்காரர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசவில்லை. கூடத்துக்குள் வந்ததும் நடிகை எங்கே உட்காருவாள், கட்டில் எங்கே போடலாம் என்றெல்லாம் பார்க்கவில்லை. நேரே சுவருக்குப் போனார். உங்கப்பா தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய் ஏறின இடம், விளக்கு மாடத்துக்கு மேலே நாக்கு மாதிரி எழும்பிய கரி, மழையில் ஒழுகிக் காய்ந்த கோடு, எல்லாவற்றையும் மாடு வாங்க வந்தவன் மாட்டைத் தடவுவது போலத் தடவிப் பார்த்தார். போகும்போது என்னிடம், "எல்லாம் இப்படியே இருக்கட்டும்மா. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னார்.

நீயே சொல், சம்பந்தி வீட்டார் வந்து, "ஒண்ணும் சிரமப்படாதீங்க, ஒரு வாய் காப்பி போதும்" என்றால் நாம் காப்பியோடு விட்டுவிடுவோமா? வேணாம் என்பது வருகிறவர்களின் மரியாதை. வடை சுடுவது நம்முடைய மரியாதை. மெட்ராஸிலிருந்து அவ்வளவு பெரிய மனிதர்கள் வருகிறார்கள், ஊரே வந்து வேடிக்கை பார்க்கப் போகிறது, நாளைக்கு அந்தச் சுவர் சினிமாக் கொட்டகை கொட்டகையாகத் தெரியப் போகிறது. எண்ணெய்க் கறையும் கரியுமாகவா தெரிய வேண்டும்? உங்கப்பா அறுப்பு என்று களத்திலேயே கிடந்தார். நான் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, பானையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கத் தாளித்து, பளிச்சென்று இருக்கட்டும் என்று இரண்டு பொட்டலம் நீலம் கலந்து, ஏணி போட்டு நானே ஏறி, கூடத்தையும் உள்ளறையையும் இரண்டு கை அடித்தேன். கீழே காவிப் பட்டை வேறு. பொழுது சாய உங்கப்பா வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "இன்னாடி இது? இப்படியே இருக்கட்டும்னு தானே சொன்னாங்க?" என்றார். "அது பெரிய மனுசங்க பேச்சு. உங்களுக்கு இன்னா தெரியும், போய்க் குளிங்க" என்று விரட்டினேன்.

மறுநாள் காலை இரண்டு வேனும் ஒரு ஜெனரேட்டர் வண்டியும் வந்து நின்றன. கேமராக்காரர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர் முகம் செத்துப்போயிற்று. "யார் பண்ணது இத?" என்றார். கதையில் அது புருஷன் செத்த ஓர் ஏழைப் பெண்ணின் வீடாம். நான் அதைக் கல்யாண வீடாக்கி வைத்திருக்கிறேன். ஐயங்கார்குளத்தில் இன்னொரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம், வண்டியைத் திருப்பு, என்று மானேஜர் கத்த ஆரம்பித்தார். ஊர் ஜனம் முழுக்க வாசலில். நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். என் நகக்கண் பத்திலும் நீலம். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். உங்கப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போய், "நான்தான் சார். அழுக்கா கீதேன்னு அடிச்சிட்டேன்" என்றார். படிச்சுப் படிச்சுச் சொல்லிவிட்டுப் போனேனே, சொன்னால் புரியாதா, என்று அந்த ஒல்லி மனிதர் ஊருக்கு முன்னால் அவரைத் திட்டினார். உங்கப்பா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு வீட்டைக் காப்பாற்றியவர் மாசிலாமணி என்று ஒருவர். செட்டு வேலை பார்க்கிறவர். கட்டை குட்டையான ஆள், காதில் பென்சில், லுங்கியில் பத்து நிறப் பெயின்ட். அவர் பாட்டுக்கு உள்ளே வந்து சுவரை நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்து, "நீலம் வேற போட்டுக்கீறாங்க" என்று தனக்குத்தானே சிரித்தார். வெளியே போய், "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடு சார். இந்த வூட்ட அவங்க தாத்தா காலத்துக்குக் கொண்டு போய் வுட்டுர்றேன்" என்றார். கேமராக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "பன்னெண்டு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் இல்ல" என்று சொல்லிவிட்டு வேனில் போய் உட்கார்ந்தார். மாசிலாமணி திரும்பி வந்து என் முந்தானையைப் பார்த்தார். மெதுவாக, மற்றவர் காதில் விழாமல், "எம்மா, அந்தக் கை ரெண்டும் எனக்கு வேணும். அடிச்ச கைக்குத்தான் எங்க இன்னா இருந்துதுன்னு தெரியும்" என்றார். அவ்வளவு பெரிய குற்றவாளியை அவ்வளவு மரியாதையாக யாரும் பிடித்திருக்க மாட்டார்கள்.

வெள்ளை அடித்தால் என்ன கெட்டுப்போயிற்று என்று அவரிடம் வாய்விட்டே கேட்டேன். "கண்ணுக்கு அழகு வேற, கேமராவுக்கு அழகு வேறம்மா. வெள்ளச் சுவரு வெளிச்சத்த வாங்கி வெச்சுக்காது, திருப்பி அடிச்சிரும். சுவரு பளபளன்னு நிக்கும், அதுக்கு முன்னால நிக்கற மனுசன் மூஞ்சி கருத்துப் பூடும்" என்றார். நடிகர் கட்டிக்கொள்ள வைத்திருந்த வெள்ளை வேட்டியைக்கூட டீத்தண்ணியில் முக்கித்தான் காயப்போட்டிருந்தார். அந்த டீத்தண்ணியேதான் சுவருக்கும் முதல் மருந்து. நெல் அவிக்கும் அண்டாவில் டீத்தூளைக் கொட்டிக் காய்ச்சி, அதில் மஞ்சள் மண்ணைக் கரைத்து வடிகட்டி, உங்கப்பா பயிருக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரைக் கழுவி வாங்கி, மூன்று கை அடித்தார். சுவர் பழைய பல் நிறத்துக்கு வந்தது. அப்புறம் அடுப்படிக் கரியைச் சுரண்டி எண்ணெயில் குழைத்தார். அது திட்டுத் திட்டாக நின்றது. நான் பொறுக்கமாட்டாமல், "எண்ண வேணாங்க, வடிச்ச கஞ்சில கரைங்க. ஒட்டிக்கும், பளபளப்பும் வராது" என்றேன். கோலத்துக்குக் காவி கரைக்கிறவளுக்குத் தெரியாதா? அவர் ஒரு மூலையில் பூசிப் பார்த்துவிட்டு, உதவியாட்களைப் பார்த்து, "டேய், இனிமே அம்மா சொல்றதுதான் ஃபார்முலா" என்றார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த மாதிரி ஒரு பேச்சை யாரும் என்னிடம் பேசினதில்லை, அதனால் இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

ஆனால் பெரிய சங்கதி அதற்கப்புறம்தான். மாசிலாமணி என்னை நடுக் கூடத்தில் நிறுத்தி, "இந்த வூட்ல யாரு எங்க சாய்வாங்க, எங்க கை வெப்பாங்க, சொல்லுங்க" என்றார். சொல்லத் தெரியவில்லை. நடந்து காட்டினேன். அருவாமனையிலிருந்து எழும்போது என் இடது கை தானாகப் போய்ச் சுவரில் ஊன்றுகிற இடத்தில் ஊன்றிற்று. அங்கே ஒரு சாக்பீஸ் கோடு போட்டார். உங்கப்பாவைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, தலை படுகிற இடத்தை அளந்துகொண்டார். நீ செருப்பைக் கழற்றும்போது ஒரு காலால் நின்று முதுகைச் சாய்ப்பாயே, அந்த இடத்தை உங்கப்பாவே காட்டினார். ஒவ்வொரு இடத்திலும் துணியில் விளக்கெண்ணெய் தொட்டு ஒற்றி, மேலே மண்ணைத் தூவி, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி ஒற்றினார். மாடத்துக்கு மேலே கரி பூசவில்லை. திரியைத் தூக்கி ஏற்றி, விளக்கையே வைத்து, தீயைக்கொண்டே எழுத வைத்தார். இருபது வருஷம் நாங்கள் வாழ்ந்து அழுக்காக்கின சுவரை அந்த மனிதர் ஒன்றரை நாளில் வாழ்ந்து காட்டினார். நான் வெட்கப்பட்டு மூடினதெல்லாம் நாங்கள் குடித்தனம் பண்ணின அடையாளம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அழுதேன், கண்ணு. சுண்ணாம்பு கண்ணில் பட்டது என்று சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கேமராக்காரர் வந்தார். சுவரைத் தொட்டார். விரலை முகர்ந்தார். உங்கப்பா பக்கத்தில் போய், "நேத்து கோவத்துல பேசிட்டேங்க" என்றார். மூன்றாம் நாள்தான் நீ வந்தாய். கூரையில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டு அந்தச் சந்தில் வெண்ணெய்க் காகிதம் ஒட்டி, வெயிலைப் பால் மாதிரி இறக்கியிருந்தார்கள். முற்றத்தில் வெள்ளித்தாள் ஒட்டின பலகையைச் சாய்த்துப் பிடித்துச் சூரியனைக் கூடத்துக்குள் திருப்பிவிட்டார்கள். மத்தியானம் ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி கட்டி, பட்டப் பகலில் ராத்திரியும் பண்ணினார்கள். நடிகை கையில் அரிக்கேன் விளக்கு. அதற்குள் சின்ன பல்பு, ஒயர் அவள் கை வழியாகப் புடவைக்குள் ஓடிற்று. அந்த விளக்கு வெளிச்சம் போதாது என்று, அவள் நடக்க நடக்க ஒருவர் பெரிய லைட்டுக்கு முன்னால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, சட்டம் கட்டிய வலையை நகர்த்திக்கொண்டே வந்தார். ஊரே நடிகையைப் பார்த்தது. நீ அந்த வலையைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போதே தெரிந்துவிட்டது, இவன் இனி மோட்டார் காயில் சுற்ற வரமாட்டான் என்று.

வண்டிகள் போயின. உங்கப்பாவுக்கு மட்டும் பேர் நின்றுவிட்டது. அன்றையிலிருந்து ஊரில் அவர் பேர் 'சுண்ணாம்பு'. பெரியப்பா முதல் டீக்கடை வரைக்கும், "இன்னா சுண்ணாம்பு, அடுத்த ஷூட்டிங் எப்போ?" என்று கேட்காத ஆள் இல்லை. நீகூட லீவுக்கு வந்தால், "நைனா, இந்தப் பொங்கலுக்கு எந்த வூட்டுக்கு வெள்ள அடிக்கப் போற?" என்று சீண்டுவாய். அவரும் சிரிப்பார். எட்டு வருஷமாக ஒருநாள், ஒரு வாய்த் தகராறில்கூட, "அடிச்சவ நீதானடி" என்று அவர் என்னைச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று, அது சொல்ல முடியாத சங்கதியாகவே ஆகிவிட்டது. இதுதான் நான் பண்ணின பெரிய தப்பு. வெள்ளை அடித்தது தப்பில்லை, அதைக் கஞ்சியும் கரியும் வைத்துச் சரிபண்ணியாயிற்று.

போன வருஷம் ஸ்டுடியோவுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாயே. அத்தனை உயரத்தில் பலகைமேல் நீ நின்றிருந்தாய். கீழே ஒரு கோயில் மண்டபம். தட்டிப் பார்த்தேன், டொக்கு டொக்கு என்றது, எல்லாம் பலகை. நீ மேலிருந்து ஒரு லைட்டை ஒரு விரல் அளவு திருப்பினாய், அந்தப் பலகை கல்லாகிவிட்டது. உங்கப்பா என் முழங்கையைப் பிடித்து, "பாத்தியாடி, எம் புள்ள கல்லு செய்யறான்" என்றார். அந்த லைட்டுச் சூட்டில் காய்த்துப்போன உன் கையை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். அப்படிப்பட்ட பிள்ளையை எலக்ட்ரிக் கம்பெனி என்று சொல்லி மூடினேனே, எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

போன புதன்கிழமை அளவு ஜாக்கெட் வாங்கிவரத் திருமுக்கூடல் போயிருந்தேன். கோமளா கொல்லைப்புறத்துக்கு என்னை அழைத்துப் போய், "அத்தே, ஒண்ணு கேக்கட்டா? அவருக்குக் கம்பெனில இன்னா வேல?" என்றாள். "ஏம்மா கேக்கற?" என்றேன். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எல்லாரும் என்னயே பாத்துக்கினு இருந்தாங்க. அவரு ஜன்னலப் பாத்தாரு. எழுந்து போய் ஒரு கதவ மட்டும் லேசா சாத்தினாரு. என் மூஞ்சில அடிச்சுக்கினு இருந்த வெயிலு தணிஞ்சு போச்சு. கம்பெனிக்காரரா இருந்தா ஸ்விட்ச்சப் பாத்திருப்பாரு. இவரு வெளிச்சம் எங்க வுழுதுன்னு பாக்கறாரு" என்றாள். அவனையே கேட்டுவிடேன் என்றேன். "கேக்க மாட்டேன் அத்தே. அவரா சொல்லட்டும். இன்னா வேலையா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. தாலி கட்டினதுக்கு அப்புறம் அத ஊரார் வாயால கேட்டன்னு வெச்சுக்கோங்க, எப்படி அந்த மனுசனோட குப்ப கொட்டறது? அதுக்கு இப்பவே வேணாம்னு சொல்லிடலாம்" என்றாள். குரல் உயரவே இல்லை. சொல்லிவிட்டு அளவு ஜாக்கெட்டை அழகாக மடித்து என் கையில் கொடுத்தாள். இப்படி ஒரு பெண் நம் வீட்டுக்கு வரப்போகிறாள் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, வராமல் போய்விடுவாளோ என்று பயமும் வந்தது.

நேற்று கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். பெரியப்பா வந்து உட்கார்ந்து, "ஏம்பா சுண்ணாம்பு, ஆளு எதுக்கு? நீயே அடிச்சிடேன்" என்று ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தேன். "அடிச்சவ நான். அன்னிக்கு வாய மூடிக்கினு நின்னவளும் நான். அவரு என் பேரக் காப்பாத்தினாரு. இனிமே யாராவது அந்தப் பேர அவருக்கு வெச்சுக் கூப்பிட்டீங்கன்னா நல்லா இருக்காது" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. உங்கப்பா, "இன்னாத்துக்குடி இப்போ? பழகிப்போன பேரு" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். போனவர் வெகு நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளையடிக்கிறவர்களிடம் வீடு முழுக்க அடியுங்கள், கூடத்துச் சுவரை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். நீ கோமளாவை முதன்முதலாக உட்காரவைத்து வெளிச்சம் பார்க்க வேண்டியது அந்தச் சுவருக்கு முன்னால்தான்.

உங்கப்பா மாதிரியே நீயும் என் பொய்யை உன் தலையில் தூக்கிக்கொண்டாய். அந்தக் குணத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன், அதையே பார்த்து வெட்கமாகவும் இருக்கிறது. தூக்கினது போதும், இறக்கி வை. வருகிற வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் திருமுக்கூடல் போகிறோம். நீ எப்படியாவது லீவு சொல்லிவிட்டுச் செங்கல்பட்டில் பஸ் மாறி நேரே அங்கே வந்துவிடு. ஆற்றில் இப்போது தண்ணீர் இல்லை, மணலில் நடந்தே கடந்துவிடலாம். கோமளாவிடம் நீ சொல்ல வேண்டும், அதை நான் சொல்ல முடியாது. லைட்டைப் பற்றிச் சொல், வலையைப் பற்றிச் சொல், பகலில் ராத்திரி பண்ணுகிறதைச் சொல், அவள் கேட்பாள். அவள் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் கத்துவார், கத்தட்டும். யார் சொன்ன பொய் இது என்று கேட்பார். உங்கப்பா வழக்கம்போலத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போவார். இந்தத் தடவை நான் முந்திக்கொள்வேன்.

சுவரைத் தொடாமல் வைத்திருக்கும்,
உன் அம்மா